எங்கள் பங்கின் ஒரு வாரம்: புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் 19 வருடமாக மறைக்கல்வி படிப்பித்து வருகிறேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் யாராவது புதியவர் காத்திருப்பார். இடமாற்றம் கிடைத்து வந்த ஆசிரியை, வேறு தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்த பிள்ளை, கொழும்பில் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்ட பையன். இவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நிதானமாகப் பதில் எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன். திருச்சபைச் சட்டம் வருகிற இடங்களைப் பங்குத்தந்தையிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நான் பார்த்துப் பழகியது.

பங்கு என்றால் கோயில்தானே? நாங்கள் எந்தப் பங்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு எல்லைக்குள் குடியிருக்கிற கத்தோலிக்கர் எல்லோரும் சேர்ந்ததுதான் பங்கு. நீங்கள் குடிவந்த நாளிலிருந்தே இந்தப் பங்கு உங்களுடையது. பெயர் பதிவது பிறகு நடக்கும். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களில் இருப்பவர்கள் கண்டி மறைமாவட்டம். அது 1886 இல் உண்டானது. பதுளை, மொனராகலை பக்கம் 1972 இல் தனியாகப் பிரிந்து பதுளை மறைமாவட்டமானது. எங்கள் பங்குக்கு டவுனில் ஒரு கோயிலும் தோட்டங்களில் நான்கு சிற்றாலயங்களும் இருக்கின்றன. ஐந்தாவது தோட்டத்தில் சிற்றாலயம் இல்லை. அங்கே, தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளைக் காம்பராவைக் கழுவித் துடைத்து, ஒரு மேசை போட்டுப் பூசை வைக்கிறோம். தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் இருக்கின்றன. அந்தத் தொட்டில்களில் வளர்ந்தவர்கள் இப்போது கீழே முழங்காலில் இருந்து செபிக்கிறார்கள்.

ஞாயிறு பூசை எந்த மொழியில்?

டவுன் கோயிலில் காலை 7 மணிக்கு சிங்களம், 8.30க்குத் தமிழ். நத்தாருக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் இரண்டு மொழியும் கலந்து ஒரே பூசையாக வைக்கிறோம். 9 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தால், சிங்களப் பூசைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். எந்த மொழியில் கண்டாலும் அது அதே திருப்பலிதான். அன்றைய வாசகங்களைத் தமிழில் வாசித்துவிட்டுப் போனால் மறையுரை முழுதாக விளங்காவிட்டாலும் மனம் அலையாது.

ஜூன் தொடங்கி மழைக்காலத்தில் காலையில் கடுங்குளிர். சுவெட்டர், குடை, வயதானவர்களுக்கு ஒரு கம்பளி கொண்டுவாருங்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு விழா நாட்களில் எங்கள் இளைஞர்கள் வாசலில் நின்று பைகளைப் பார்க்கிறார்கள். கோபிக்காமல் திறந்து காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறேன். பூசைக்கு வர முடிவதில்லை. பாவமா?

கைக்காசு என்றால் ஓய்வு நாளில் எடுக்கிற தேயிலைக் கொழுந்துக்குத் தனியாகக் கிடைக்கும் காசு. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஞாயிறு பூசை கத்தோலிக்கருக்குக் கடமை. அதை யாரும் தளர்த்திச் சொல்ல முடியாது. ஆனால் பாரமான காரணம் இருந்தால் அந்தக் கடமை கட்டாது என்றும் அதே திருச்சபைதான் படிப்பிக்கிறது. நோயாளியைப் பார்க்க வேண்டும், கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லை, பிழைப்புக்கு வேறு வழியில்லை, இவையெல்லாம் காரணங்கள்தான். ஆறு நாள் சம்பளத்தில் கடைக் கடன் அடைபடாத வீட்டில், ஞாயிறு எடுக்கிற கொழுந்துக் காசில்தான் பிள்ளையின் சப்பாத்து வருகிறது என்றால், அந்தத் தாயைக் குற்றவாளியாக நிறுத்துவது சுவிசேஷம் இல்லை. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

அதோடு ஒரு வழியும் இருக்கிறது. சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடமைக்குச் செல்லும். இது பலருக்குத் தெரியாது. எங்கள் பங்கில் சனி மாலை 5.30க்கு ஒரு பூசை வைப்பதே கைக்காசுக்குப் போகிறவர்களை நினைத்துத்தான். கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து, முகம் கழுவிக்கொண்டு நேரே வந்துவிடுங்கள். உடுப்பு மாற்ற நேரமில்லை என்று வெட்கப்பட்டு வெளியே நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் தாங்காது. தேயிலைக் கறை படிந்த கைகள் அந்தப் பூசையில் நிறையவே இருக்கும். உள்ளே வாருங்கள்.

நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. காசு கட்டாயம் தேவைப்படாத ஞாயிறுகளிலும் போகிறோமா? ஓய்வு நாளைக் கடவுள் தந்தது நம் உடம்புக்காகவும்தான். ஏழு நாளும் மலை ஏறி இறங்கும் முழங்காலுக்கும் ஒரு நாள் வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்குப் பாதர் மாதம் ஒருமுறைதான் வருகிறார். மற்ற வாரங்களில் நாங்கள் என்ன செய்வது?

ஐந்து தோட்டமும் ஒரு டவுனும் ஒரே பாதரின் பொறுப்பு. வழியில் மண் சரிந்தால் அந்த மாதப் பூசையும் இல்லாமல் போய்விடும். "எங்களைக் கவனிக்கிறதில்லை" என்ற மனக்குறை வருவது இயல்பு. எனக்கும் வந்திருக்கிறது. அப்படி வந்தபோதெல்லாம் நான் புனித யோசப் வாஸ் காலத்தை நினைத்துக்கொள்வேன்.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். அதன்பிறகு ஏறக்குறைய 30 வருடம், 1687 இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, இந்த நாட்டுக் கத்தோலிக்கருக்குக் குருவே இல்லை. அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறதோ, அவர் நம்மவர் என்று தெரிந்துகொண்டார். 1692 இல் கண்டிக்கு வந்தவரை ஒற்றர் என்று சந்தேகித்து அடைத்துவைத்தார்கள். பெரியம்மை பரவி ஊரே காட்டுக்குள் ஓடியபோது நோயாளிகளோடு நின்றார். 1711 ஜனவரி 16 ஆம் தேதி கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, எங்கள் பங்கிலிருந்தும் ஒரு பஸ் போனது.

இந்தக் கதையில் என்னை நெகிழவைப்பது அந்தச் செபமாலையைக் கண்டு மாறிய முகங்கள். 30 வருடம் பூசை இல்லை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆனாலும் அது என்ன மாலை என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒரு தாயோ பாட்டியோ இரவில் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நமக்கு மாதம் ஒருமுறை பூசை கிடைக்கிறது. மிச்சம் இருக்கிற நாட்கள் நம் கையில்தான் இருக்கின்றன.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? பாதர் வராத ஞாயிறுகளில் தோட்டச் சிற்றாலயத்தில், பாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் இறைவார்த்தை வழிபாடு நடத்துவார். அன்றைய வாசகங்கள், மன்றாட்டு, விண்ணகத் தந்தையே செபம், அதன்பிறகு பாதர் அனுமதித்த நற்கருணைப் பணியாளர் இருந்தால் நற்கருணை. 45 நிமிடத்தில் முடிந்துவிடும். உபதேசியார் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளைதான், மேடைப் பேச்சாளர் இல்லை. வாசகத்தைத் தப்பில்லாமல், நிறுத்தி நிதானமாக வாசிப்பார். அதற்காகவே நான் சில ஞாயிறுகளில் டவுனிலிருந்து அங்கே ஏறிப் போகிறேன்.

அன்பியம், அன்பியம் என்கிறீர்கள். அது என்ன?

பக்கத்துப் பக்கத்து வீடுகள் 12, 15 சேர்ந்து வாரம் ஒருநாள் கூடிச் செபிக்கிற குழு. எங்கள் பங்கில் இப்படி 14 குழுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் புதன்கிழமை இரவு 7 மணி. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீடு.

லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்திருக்கும். ஒரு முக்காலியில் வெள்ளைத் துணி, அதன்மேல் வேதாகமம், ஒரு மெழுகுதிரி. இடம் போதாமல் பிள்ளைகள் வாசற்படியில் உட்காருவார்கள். ஒரு பாட்டு, பிறகு வருகிற ஞாயிறின் சுவிசேஷத்தை இரண்டு முறை வாசிப்போம். இரண்டாவது முறை கட்டாயம் ஒரு பிள்ளைதான் வாசிக்க வேண்டும். பிள்ளை எழுத்துக்கூட்டித் தடுமாறும்போது பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அதன்பிறகு மனதில் தைத்த ஒரு வரியை ஒவ்வொருவரும் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்.

ஒருமுறை மத்தேயு 20 ஆம் அதிகாரம். திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம் கொடுக்கிறார், மாலை 5 மணிக்கு வந்தவருக்கும் ஒரு தெனாரியம் கொடுக்கிறார். டவுன் கோயிலில் இந்த வாசகத்தைப் பற்றி எத்தனையோ விளக்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு இஸ்தோப்பில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர் சொன்னார்: "நிறை குறைஞ்சா அரைப் பேர் போடுற ஊர்ல இருக்கோம். கடைசியா வந்த ஆளுக்கும் முழுப் பேர் போட்டாரு பாருங்க அந்தத் தொரை. அந்த ஆளு வீட்லயும் புள்ளைங்க பசியோடதானே இருந்திருக்கும்." பேர் என்பது ஒருநாள் வேலைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், விழுகிற பதிவு. கணக்குக் கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர், பாதிச் சம்பளம். அவர் சொல்லி முடித்தபிறகு கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

அந்த மலையில் வயதான ஒரு அம்மா இருந்தார். கைகள் மெதுவாகிவிட்டன. நிறை சேராது. அடுத்த வாரத்திலிருந்து, கொழுந்து நிறுக்கப் போகும்போது அவர் பையில் ஆளுக்கு இரண்டு பிடி போட்டுவிட்டுப் போனார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் தீர்மானம் போடவில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா ஓய்வு பெறும்வரை முழுப் பேர் விழுந்தது.

அன்பியத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பிளேன்டீயும் கிடைக்கும். ஆனால் அதற்குமேல் எதுவும் செய்யவேண்டாம் என்று எல்லா வீடுகளும் பேசி முடிவெடுத்திருக்கிறோம். ஒரு வீட்டில் வடை சுட்டால் அடுத்த வீடு கடன் வாங்கிக் கேக் வைக்கும், மூன்றாவது வீடு கூட்டத்துக்கே பயப்படும்.

கிழமை நாட்களில் வேறு என்ன நடக்கிறது?

செவ்வாய் மாலை அந்தோனியார் நவநாள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் பாண் கொண்டுவந்து வைப்பார்கள். அதை வின்சென்ட் டி பவுல் சபையினர் அன்றிரவே தேவைப்படுகிற வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதய ஆராதனை. அன்று காலையில் பாதர் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோவார். உங்கள் வீட்டில் எழுந்து வரமுடியாதவர் இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள். மாதா பக்திச் சபையான மரியாயின் சேனை கூடுவது சனி பிற்பகல். தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தோட்டத்தில், தேயிலைக்கு நடுவே 14 இடங்களில் நின்று நடப்போம். அட்டை கடிக்கும். உப்புத் துணி கொண்டுவாருங்கள்.

ஒக்டோபர் மாதம் தனி அழகு. மாதா சுரூபத்தை ஒவ்வொரு இரவும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய் செபமாலை சொல்வோம். பழைய ஆட்கள் இன்னும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று ஆரம்பிப்பார்கள், பிள்ளைகள் "அருள் நிறைந்த மரியே" என்பார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். திருத்த வேண்டாம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அந்தப் பழைய சொற்கள் அவர்களுடைய பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து வாயில் கொண்டுவந்தவை.

பிள்ளைகளின் மறைக்கல்விக்கு என்ன ஏற்பாடு?

ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு 9.45 முதல் 11 வரை வகுப்பு. முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை எங்கள் பங்கில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, உறுதிப்பூசுதல் அதற்கு நாலைந்து வருடம் கழித்து.

தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் கத்தோலிக்க சமயம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. பிள்ளை சைவ பாட நேரத்தில் வகுப்பின் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சை வரும்போது கத்தோலிக்கம் எழுதவேண்டும், ஆனால் ஒருநாளும் படித்ததில்லை. பெற்றோரே, இதைப் பத்தாம் ஆண்டு வரும்வரை விட்டுவைக்காதீர்கள். ஆறாம் ஆண்டிலேயே எங்களிடம் சொல்லுங்கள். பரீட்சைப் பாடத்துக்கென்று சனிக்கிழமை தனி வகுப்பு வைத்திருக்கிறோம், காசு இல்லை. விடுமுறையில் அம்பிட்டிய தேசிய குருமடத்துப் பிரதர்மார் வந்து உதவிய வருடங்களும் உண்டு.

ஒரு வேண்டுகோள். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு டவுனுக்குச் சாமான் வாங்கப் போய்விடாதீர்கள். செபம் வீட்டில் நடக்காவிட்டால் நான் 75 நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பது மழைத்தண்ணீர் மாதிரி ஓடிவிடும்.

ஆன்மீக வளர்ச்சி என்கிறார்கள். நான் வளர்கிறேனா என்று எப்படித் தெரியும்?

இதற்கு அளவுகோல் கேட்காதீர்கள். எத்தனை செபமாலை, எத்தனை நவநாள் என்று எண்ணத் தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரரோடு போட்டிதான் வரும். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் சத்தம் குறைந்திருக்கிறதா என்று உங்கள் மனைவிக்குத் தெரியும், கணவருக்குத் தெரியும், அதைவிட நன்றாகப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

குடி பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. எங்கள் ஆண்களில் பலர் திருநீற்றுப் புதனன்று போத்தலை விட்டுவிடுகிறார்கள். 40 நாளும் விரதம் காக்கிறார்கள். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்த கையோடு கடைக்குப் போகிறார்கள். 40 நாள் விட முடிந்தவரால் 41 ஆவது நாளும் விட முடியும். ஆனால் தனியாக முடியாது. எங்கள் பங்கில் ஒருவர் ஐந்து தவக்காலம் இப்படியே விட்டுவிட்டுத் தொடங்கினார். ஆறாவது வருடம் அவர் அன்பியத்துக்காரர்கள் இரண்டுபேர் உயிர்ப்பு ஞாயிறு காலையில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். உபதேசம் ஒன்றும் பண்ணவில்லை. மத்தியானச் சாப்பாடு, கரம் விளையாட்டு, பின்னேரம் தேத்தண்ணீர். மறுநாளும் போனார்கள். சம்பள நாளன்று வேலை முடிந்ததும் வாசலில் நின்று கூட்டிவந்தார்கள். அவர் இடையில் இரண்டு முறை விழுந்தார். இவர்கள் கோபித்துக்கொண்டு விலகவில்லை. இப்போது அவரே இன்னொருவர் வீட்டில் போய் உட்காருகிறார். இதற்கு வைத்தியமும் ஆலோசனையும் தேவைப்படும் வீடுகள் உண்டு. அதைக் கேட்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. பாதரிடம் சொன்னால் வழி காட்டுவார்.

தனிப்பட்ட பழக்கமாக ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அன்றைய சுவிசேஷத்தில் ஒரு வரி. ஒரு பந்தி வேண்டாம், ஒரு வரி போதும். அதை மலையில் கொண்டுபோங்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது மனதுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது!

பாவசங்கீர்த்தனம் செய்து 12 வருடம் ஆகிறது. எப்படி ஆரம்பிப்பது என்றே மறந்துவிட்டது.

"சாமி, 12 வருடமாகிவிட்டது, எப்படிச் சொல்வது என்று மறந்துபோச்சு" என்று சொல்லுங்கள். ஆரம்பம் அதுதான். மிச்சத்துக்குக் குருவானவர் கைகொடுப்பார். கனமான பாவங்களை வருடத்தில் ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபையின் கட்டளை. அங்கே சொன்னது வெளியே போகாது, எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. சனி மாலைப் பூசைக்கு அரை மணி முன்னால் பாதர் அங்கே இருப்பார். தெரிந்த பாதரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் தவக்காலத்தில் வெளிப் பங்குகளிலிருந்து மூன்று நான்கு குருக்கள் வருவார்கள், அப்போது வாருங்கள்.

நான் வெளிநாட்டில் வீட்டு வேலைக்கு வந்திருக்கிறேன். என் பிள்ளைகள் பாட்டியோடு இருக்கிறார்கள். நான் இன்னும் உங்கள் பங்குதானா?

ஆம், அக்கா. உங்கள் பெயர் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசிகள் மன்றாட்டில் கடல் கடந்து வேலை செய்கிறவர்களுக்காக ஒரு மன்றாட்டு உண்டு. அதைப் பெரும்பாலும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான் வாசிக்கும்.

ஒரு வீட்டில் நான் கண்டது. இரவு 8.30க்குப் பாட்டி கைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்துவைக்கிறார். வாட்ஸ்அப்பில் அம்மா வருகிறார், எசமானி வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, தலையில் துணியோடு. சத்தம் போட முடியாது, உதடு மட்டும் அசைகிறது. இங்கே இரண்டு பிள்ளைகள் அருள் நிறைந்த மரியே முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள். அம்மாவின் உதடு அடங்கும்வரை காத்திருந்து செபமாலையின் அடுத்த மணிக்குப் போகிறார்கள். சிக்னல் விட்டுப்போனால் மாலையின் பத்து மணிகளோடு செபம் முடிந்துவிடும். இதைவிட நல்ல செபமாலையை நான் எந்த மாதா குகைக் கெபியிலும் கேட்டதில்லை.

பாட்டியால் முடியாத காரியங்களுக்கு, பாடசாலைக் கூட்டம், ஆஸ்பத்திரி, பிறப்புப் பத்திரம் போன்றவற்றுக்கு, அன்பியப் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

என் மனைவி இந்து. நாங்கள் கோயிலுக்கு வரலாமா?

வாருங்கள், இரண்டு பேருமாக வாருங்கள். தோட்டத்தில் ஒரே லயத்தில் மாரியம்மன் திருவிழாவும் அந்தோனியார் திருவிழாவும் நடக்கிறது. ஜூன் 13 தேர் வரும்போது இந்து வீடுகளின் வாசலிலும் மெழுகுதிரி எரியும். தைப்பொங்கலன்று எங்கள் கோயில் முற்றத்திலும் பானை பொங்கும். உங்கள் மனைவி நற்கருணை வாங்க முடியாது. ஆனால் பூசையில் முழுதாக உட்காரலாம், செபிக்கலாம்.

திருமணம் இன்னும் முடிக்காதவர்கள் குறைந்தது ஆறு மாதம் முன்னால் பாதரிடம் கதையுங்கள். திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதற்கு ஆயரின் அனுமதி தேவை, அதற்கு நாள் எடுக்கும். மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்க வேண்டும், திருமண ஆயத்த வகுப்பும் இருக்கிறது. மண்டபம், சாப்பாடு எல்லாம் முடிவுசெய்து அட்டையும் அடித்துவிட்டுக் கடைசியில் கோயிலுக்கு வருகிறவர்கள்தான் அழுதுகொண்டு நிற்கிறார்கள். ஏற்கெனவே பதிவுத் திருமணம் மட்டும் செய்தவர்களும் வரலாம். ஒழுங்குபடுத்த வழியுண்டு, இத்தனை வருடத்தில் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

ஞானப்பெற்றோர் பற்றியும் கேட்கிறார்கள். 16 வயது நிரம்பிய, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக ஒருவராவது இருக்கவேண்டும். அதிக காசு உள்ளவராகப் பார்த்துத் தேடாதீர்கள்.

காணிக்கை எவ்வளவு போடவேண்டும்?

கட்டாயத் தொகை எதுவும் கிடையாது. காசு இல்லாதவர்கள் பிடியரிசி கொண்டுவருகிறார்கள்: ஒவ்வொரு நாளும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவது. அந்த அரிசி வேலைக்குப் போக முடியாத வீடுகளுக்குப் போகிறது. பங்கின் வரவு செலவைப் பார்க்க நிதிக்குழு ஒன்று எல்லாப் பங்கிலும் இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எங்கள் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் தொங்கும்.

வீட்டில் ஒரு சாவு நடந்தால் யாருக்கு முதலில் சொல்வது?

முதலில் உங்கள் அன்பியப் பொறுப்பாளருக்கு. அவர் உபதேசியாருக்கும் பாதருக்கும் அறிவிப்பார். உயிர் பிரியும் நிலைக்கு முன்பே, நோய் கடுமையானவுடனேயே, நோயில் பூசுதலுக்குக் கூப்பிடுங்கள். "பாதர் வந்தால் நோயாளி பயந்துவிடுவார்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த அருட்சாதனம் நோயாளிக்குத் தைரியம் கொடுக்கத்தான்.

சாவு வீட்டில் அன்பியத்தார் இரவு முழுவதும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுவார்கள், பக்கத்து லயத்தார் தேத்தண்ணீர் ஊற்றுவார்கள், இளைஞர்கள் குழி வெட்டுவார்கள். அதில் சாதி, தோட்டம், தோட்டப் பிரிவான டிவிசன் என்று யாராவது பிரித்தால் பங்குச் சபையிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். நவம்பர் 2 ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே தோட்ட மயானத்தைத் துப்புரவாக்குவோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். பெயர்ப்பலகை இல்லாத குழிகள் நிறைய உண்டு, கோப்பித் தோட்டக் காலத்திலிருந்தே இருக்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். அவற்றின்மேலும் ஒரு திரி கொளுத்திவைப்போம்.

முதல் ஞாயிறு வருகிறேன். யாரையும் தெரியாது. என்ன செய்வது?

கொஞ்சம் முன்னதாக, 8.15க்கு வாருங்கள். செருப்பை வலது பக்கப் படியில் கழற்றுங்கள், இடது பக்கம் மழைத்தண்ணீர் வழியும். பூசை முடிந்ததும் அவசரப்பட்டு இறங்கிவிடாமல் லூர்து கெபிக்குப் பக்கத்தில் வாருங்கள். கறுப்புக் குடையும் வகுப்பு இடாப்பும் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேதான் நிற்பேன். குடும்பத்தில் எத்தனை பேர், எந்த டிவிசன், எந்த லயம் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் அன்பியத்தார் யார் என்று காட்டிவிடுகிறேன், புதன்கிழமை அவர்கள் வந்து கூட்டிப்போவார்கள்.